மதுவக் கலத்திற் பொசுபேற்றை அகற்றும் நொதியங்கள்

மாத்தளை மாவட்டத்தின் தோட்டங்களிற் கொக்கோப் பழத்தை உடைத்தெடுத்த விதைகளை, அவற்றைச் சூழ்ந்துள்ள வெண்ணிறச் சதையோடு குவித்தோ பெட்டிகளில் நிரப்பியோ மூடிவைத்தல் வழக்கம். முதல் ஓரிரு நாட்களில் அச்சதையிலுள்ள வெல்லம் மதுசாரமாக மாறுகின்றது; பின்னர் அம்மதுசாரம் பற்றீரியாக்களால் அசற்றிக்கமிலமாகின்றது; குவியல் சூடேறுகின்றது; விதையின் முளை இறக்கின்றது; கொக்கோவின் சுவைக்கும் மணத்துக்கும் அடிப்படையான பொருள்கள் விதையினுள்ளே தோன்றுகின்றன. இத்தொடர்ச் செயலைத் தொடக்கிவைப்பது மதுவம் என்னும் நுண்ணங்கி. மலையடிவாரக் கிராமங்களிற் கித்துள் பாளையைச் சீவி எடுத்த இனிய நீரைக் காலந்தாழ்த்தாது காய்ச்சினாற் பாணியும் கருப்பட்டியும் கிடைக்கும். காய்ச்சாது விட்டுவைத்தால் அது கள்ளாகும். அப்பமாவுக்குக் கள் வார்த்துப் புளிக்கவைக்கும் பழைய வழக்கத்தை அறியாதார் இந்நாட்டிற் சிலரே. இவை அனைத்திலும் தொழில் புரிவது மதுவக் குலமே.

இம்மதுவம் ஒரு கலத்தாலாய உயிர். அதற்கு மூளையில்லை, நரம்பில்லை. எனினும் வெல்லம் நிறைந்த இடத்தில் அது விரைந்து பெருகுகின்றது. வெல்லம் குறையும்போது எஞ்சியதைச் சேமிக்கின்றது. உப்பு மிகுந்தால் தன்னைக் காத்துக்கொள்கின்றது. பிரியவேண்டிய வேளையிற் பிரிந்து, நிற்கவேண்டிய வேளையில் நிற்கின்றது. இத்துணை ஒழுங்கும் அக்கலத்தில் எங்ஙனம் அமைந்தது? இவ்வினாவுக்கு விடை தேடிய அறிஞர், கலத்தினுள்ளே புரதங்களுக்குப் பொசுபேற்றுக் கூட்டத்தைச் சேர்ப்பதும் நீக்குவதுமாகிய எளிய செயலொன்று பெரும்பங்கு வகிப்பதைக் கண்டனர். சேர்க்கும் நொதியம் கைனேசு எனப்படும். நீக்கும் நொதியம் பொசுபேற்றேசு எனப்படும். பின்னதில் விகாரம் நேர்ந்தால் மதுவக் கலத்துக்கு நேர்வது யாது என்பதே ஈண்டு ஆராயப்படுவது.

பொசுபேற்றின் வரலாறு

மதுவத்துக்கும் பொசுபேற்றுக்கும் உள்ள தொடர்பு நெடுங்காலத்துக்கு முன்னரே வெளிப்பட்டது. 1897இல் எட்வேட் புக்னர் என்னும் செருமானிய அறிஞர், மதுவத்தை அரைத்துப் பிழிந்த சாறு உயிர்க்கலம் எதுவுமின்றியே வெல்லத்தை நொதிக்கச்செய்யும் எனக் காட்டினார். அடுத்த பத்தாண்டுக்குள் இலண்டனில் ஆதர் ஆடன் என்பாரும் வில்லியம் யங் என்பாரும் அச்சாற்றுக்குப் பொசுபேற்றைச் சேர்த்தால் நொதித்தல் விரைவதைக் கண்டனர். சேர்த்த பொசுபேற்று வெல்லத்தோடு பிணைவதும் அவர்களாற் புலனாயிற்று. உயிர்ச்செயலிற் பொசுபேற்று ஒரு வெறும் உப்பன்று என்பது இவ்வாறு தெளிவாயிற்று.

எனினும் எப்பொருளையும் அளக்க வழியின்றேல் அதனை ஆராய்தல் அரிது. பொசுபேற்றை அளக்க எளிய வழி காட்டியவருள் ஒருவர், சென்னைத் திருவல்லிக்கேணி இந்து உயர்நிலைப் பள்ளியிலும் மாநிலக் கல்லூரியிலும் சென்னை மருத்துவக் கல்லூரியிலும் பயின்ற எல்லாப்பிரகட சுப்பாராவ் ஆவர். ஆந்திர நாட்டுப் பீமவரத்தில் 1895இற் பிறந்த இவர், 1922இல் அமெரிக்கா சென்று ஆவட் பல்கலைக்கழகத்தில் சைரசு பிசுக்கு என்பாருடன் உழைத்தார். 1925இல் இருவரும் வெளியிட்ட முறையிற் பொசுபேற்று, மொலித்தேற்றுடன் சேர்ந்து, பின் தாழ்த்தப்பட்டு நீலநிறம் தரும். நிறத்தின் செறிவே பொசுபேற்றின் அளவு. பொசுபேற்றேசு நொதியங்கள் விடுவிக்கும் பொசுபேற்றை அளக்க உலகெங்கும் நெடுங்காலம் பயன்பட்டது இம்முறை. ஏ.ரீ.பி. என்னும் சத்திப் பொருளைத் தசையிலிருந்து பிரித்தறிந்தவர்களுள்ளும் இவ்விருவரும் உளர். கைனேசுகள் புரதத்திற் சேர்க்கும் பொசுபேற்றை அவ்வேரீபியிலிருந்தே பெறுகின்றன.

அடுத்த படி ஈரலிலும் தசையிலும் சேமிக்கப்படும் கிளைக்கோசன் பற்றிய ஆராய்ச்சியில் அமைந்தது. கிளைக்கோசனை உடைக்கும் நொதியத்துக்குச் செயலூக்கமுள்ள நிலை, ஊக்கமற்ற நிலை என இரு நிலைகள் உண்டு. முதல் நிலையை இரண்டாவதாக மாற்றும் நொதியமொன்றை 1940களிற் கோரி தம்பதியரின் ஆய்வுகூடத்திற் கண்டனர். ஆனால் அது புரதத்திலிருந்து எதை அகற்றுகின்றது என்பது அன்று விளங்கவில்லை. 1955இல் எட்மன்ட் பிசர், எட்வின் கிரெப்சு ஆகியோர், ஏ.ரீ.பி.யிலிருந்து ஒரு பொசுபேற்று அந்நொதியத்திற் சேர்வதே அதனை ஊக்கும் செயலென நிறுவினர். அதன்பின்னரே, முன்னர்க் கண்ட நொதியம் பொசுபேற்றை அகற்றும் ஒன்றென விளங்கிற்று. பிசருக்கும் கிரெப்சுக்கும் 1992இல் நோபல் பரிசு கிடைத்தது. அகற்றும் நொதியம் முதலிற் காணப்பட்டும், சேர்க்கும் நொதியத்தின் பின்னரே அதன் பொருள் புரிந்தமை கருதத்தக்கது. பின்னரும் பல்லாண்டுகளாகக் கைனேசுகளே அறிஞரின் கவனத்தைப் பெற்றன. பொசுபேற்றேசுகள் வெறுந் துப்புரவாளர் போலவே எண்ணப்பட்டன. அவ்வெண்ணத்தை மாற்றியதில் மதுவ விகாரங்களுக்குப் பெரும்பங்குண்டு.

விகாரம் கொண்டு அறியும் முறை

ஒரு பொறியின் உறுப்பொன்று என்ன தொழில் செய்கின்றது என்பதை அறிய, அதனைக் கழற்றிவிட்டுப் பொறியை ஓட்டிப் பார்த்தல் ஒரு வழி. உயிரியலிற் பரம்பரையலகு விகாரம் இவ்வாறே பயன்படுகின்றது. இதற்கு மதுவம் மிகவும் ஏற்றது. அது ஏறத்தாழ ஒன்றரை மணிநேரத்தில் இரட்டிக்கின்றது. பரம்பரையலகுகளை ஒற்றைத் தொகுதியாகக் கொண்டும் அது வாழவல்லது. ஆகவே விகாரத்தின் விளைவு மறைந்துநில்லாது உடனே வெளிப்படும். அப்பமதுவத்தின் 16 நிறமூர்த்தங்களிலுமுள்ள டி.என்.ஏ. முழுவதும் 1996இல் வாசித்து முடிக்கப்பட்டது. அதில் ஏறத்தாழ 6,000 பரம்பரையலகுகள் உள்ளன. அவற்றுள் நூற்றுக்கு மேற்பட்டவை கைனேசுகளுக்கு உரியன. பொசுபேற்றேசுகளுக்கு உரியவை அத்தொகையிற் பாதியும் இல்லை.

ஓர் இடர் உண்டு. உயிர்வாழ இன்றியமையாத பரம்பரையலகு முற்றாகக் கெட்டால் கலம் இறந்துவிடும். இறந்த கலத்தை ஆராய்தல் இயலாது. இவ்விடரைக் கடக்க உதவுவது வெப்பநிலையால் வெளிப்படும் விகாரம். இவ்வகை விகாரமுடைய புரதம் 25 பாகை அளவான வெப்பநிலையிற் செவ்வனே தொழில் புரியும்; 37 பாகையில் உருக்குலையும். எனவே கலத்தைக் குளிர்ச்சியில் வளர்த்து, வேண்டும்போது வெம்மைக்கு மாற்றி, என்ன நேர்கின்றதெனக் கண்ணாற் காணலாம். 1970ஐ அடுத்த ஆண்டுகளில் அமெரிக்க அறிஞர் இலீலண்ட் ஆட்வெல் இம்முறையால் அப்பமதுவத்தின் கலப்பிரிவை ஆளும் பரம்பரையலகுகள் பலவற்றைக் கண்டறிந்தார்.

சேமியாத கலம்

மதுவத்தின் பொசுபேற்றேசுகளுட் சிறப்புவாய்ந்த ஒன்றனுக்குரிய பரம்பரையலகு ஜீ.எல்.சீ.7 எனப்படும். அது தரும் புரதம் முதல்வகைப் பொசுபேற்றேசு. மனிதர் முதலிய முலையூட்டிகளிலுள்ள அவ்வகைப் புரதத்தோடு அமினோவமில வரிசையில் ஏறத்தாழ 80 வீதம் ஒத்தது. இப்பரம்பரையலகை முற்றாக நீக்கினாற் கலம் வாழாது. ஆனால் முதன்முதற் கிடைத்த விகாரக் கலம் இறக்கவில்லை, வழக்கம்போல வளர்ந்தது. அதில் ஒரு குறை மட்டுமே காணப்பட்டது: அது கிளைக்கோசனைச் சேமிக்கவில்லை. அயடீன் ஆவி காட்டும்போது கிளைக்கோசன் நிறைந்த மதுவக் கூட்டங்கள் கபிலநிறமாகும். இவ்விகாரக் கூட்டங்களோ மஞ்சளாகவே நின்றன.

இதன் காரணம் ஆராயத்தக்கது. கிளைக்கோசனைத் தொகுக்கும் நொதியம் பொசுபேற்று நீங்கிய நிலையிலேயே ஊக்கமுடையது. ஜீ.எல்.சீ.7 புரதம் அப்பொசுபேற்றை அகற்றவேண்டும். ஆயின் அது தானாக அந்நொதியத்தைச் சென்றடைவதில்லை. காக்-1 என்னும் வேறொரு புரதம் அதனை அவ்விடத்துக்கு அழைத்துச்செல்கின்றது. விகாரத்தில் 73ஆம் அமினோவமிலம் ஒன்று மட்டும் மாறியதனாற் காக்-1 உடன் பற்றும் ஆற்றல் குன்றியது; நொதியத்தின் ஏனைய தொழில்கள் கெடவில்லை. வழிகாட்டியை இழந்த தொழிலாளி ஒரு வீட்டுக்கு மட்டும் செல்லாதொழிந்தான் எனலாம்.

தொகையிற் குறைந்த பொசுபேற்றேசுகள் எண்ணற்ற புரதங்களை எவ்வாறு கவனிக்கின்றன என்னும் புதிருக்கு இங்கே விடை கிடைத்தது. வினைபுரியும் புரதம் ஒன்றே. அதனை இடந்தோறும் அழைத்துச்செல்லும் துணைப்புரதங்களோ பல. இத்துணைகளே ஒரு நொதியத்தைப் பல நொதியங்கள்போல ஆக்குகின்றன.

குளுக்கோசு இருந்தும் இல்லாததுபோல்

மற்றொரு துணை றெக்-1 எனப்படும். மதுவம் குளுக்கோசைப் பெரிதும் விரும்புவது. குளுக்கோசு உள்ளவரை சுக்குரோசு, மோற்றோசு, கலற்றோசு ஆகிய ஏனைய வெல்லங்களைப் பயன்படுத்தும் நொதியங்களை அது ஆக்குவதில்லை; வீண்செலவைத் தவிர்க்கும் சிக்கனம் இது. குளுக்கோசு தீர்ந்தபோது எஸ்.என்.எவ்.1 என்னும் கைனேசு பொசுபேற்றுப் பெற்று ஊக்கமடைந்து, மூடியிருந்த பரம்பரையலகுகளைத் திறக்கின்றது. குளுக்கோசு மீண்டும் கிடைத்தபோது, றெக்-1 துணையுடன் ஜீ.எல்.சீ.7 அக்கைனேசின் பொசுபேற்றை அகற்றி அதனை அடக்குகின்றது.

றெக்-1 கெட்ட விகாரத்தில் அடக்குவார் இல்லை. குளுக்கோசுக் கரைசலிலேயே நீந்திக்கொண்டிருந்தும் அக்கலம் பஞ்சத்தில் வாடுவதுபோல் நடக்கின்றது, வேண்டாத நொதியங்களை ஆக்குகின்றது, வளர்ச்சியும் மந்தமாகின்றது. இக்கைனேசுக்கு ஒப்பானதொன்று மனிதரின் கலங்களிலும் உண்டு; உடலின் சத்திச் சமநிலையைப் பேணும் அது, நீரிழிவு பற்றிய ஆராய்ச்சியில் முதன்மை பெற்றுள்ளது. பாண்மாவிலும் பிற கலவைகளிலும் மதுவம் பல வெல்லங்களைச் சேர்ந்தாற்போலச் சந்திப்பதால், குளுக்கோசின் இவ்வடக்குமுறையை அறிதல் நொதித்தல் தொழிலுக்கும் பயன்படும்.

இரண்டு தவறு ஒரு நேர்

கலப்பிரிவை ஆளும் சமநிலையை மிகத் தெளிவாகக் காட்டியது வேறொரு மதுவம். கிழக்காபிரிக்கத் தானியக் கள்ளிலிருந்து 1893இற் பிரித்தறியப்பட்டமையால், சுவாகிலி மொழியிற் கள்வகையைக் குறிக்கும் 'பொம்பே' என்னும் சொல்லை அது பெயராகக் கொண்டது. கோல் வடிவான இக்கலம் நீண்டு வளர்ந்து நடுவிற் பிளப்பது. இங்கிலாந்து அறிஞர் போல் நேர்சு 1970களில் இதன் விகாரங்களை ஆராய்ந்தார். சீ.டீ.சீ.25 என்னும் பரம்பரையலகு கெட்டபோது கலம் பிரியாது நீண்டுகொண்டே சென்றது. வீ-1 என்னும் பரம்பரையலகு கெட்டபோதோ, கலம் உரிய பருமனை அடையுமுன்னரே பிரிந்து குறுகியதாயிற்று. சிறியது எனப் பொருள்படும் இசுக்கொத்திலாந்து வழக்குச் சொல்லே அதன் பெயர்.

பின்னர் விளங்கிய உண்மை இது: கலப்பிரிவைத் தூண்டும் தலைமைக் கைனேசின் மீது வீ-1 ஒரு பொசுபேற்றைச் சேர்த்து அதனைத் தடுக்கின்றது, சீ.டீ.சீ.25 என்னும் பொசுபேற்றேசு அதனை அகற்றித் தடையை நீக்குகின்றது. தடை நீங்காதபோது கலம் நீள்கின்றது; தடையே இல்லாதபோது அவசரப்படுகின்றது. இரண்டு விகாரங்களையும் ஒரே கலத்தில் சேர்த்தால் அக்கலம் மீண்டும் பிரியவல்லதாகின்றது. தனித்தனியே தீங்கான இரு குறைகள் ஒன்றையொன்று ஈடுசெய்கின்றன. ஆகவே கலத்தின் நலம் தங்கியிருப்பது ஒரு நொதியத்தின் வலிமையிலன்று. எதிரெதிரான இரண்டின் அளவொப்பிலே என்பது பெறப்படும். மனிதரிடம் இப்பொசுபேற்றேசின் இனம் அளவுமீறித் தோன்றுவது பலவகைப் புற்றுநோய்களிற் காணப்பட்டுள்ளது. ஆட்வெல், நேர்சு, திமொதி அண்ட் ஆகிய மூவரும் கலப்பிரிவு ஆராய்ச்சிக்காக 2001இல் நோபல் பரிசு பெற்றனர்.

பிரிவைத் தொடக்கப் பொசுபேற்றேசு வேண்டியதுபோல, முடிக்கவும் வேண்டும். அப்பமதுவத்திற் சீ.டீ.சீ.14 என்னும் பொசுபேற்றேசு பெரும்பொழுதும் புன்கருவிற் பூட்டிவைக்கப்பட்டிருக்கும். நிறமூர்த்தங்கள் பிரிந்தபின் அது விடுவிக்கப்பட்டு, பிரிவின்போது புரதங்களிற் சேர்க்கப்பட்ட பொசுபேற்றுக்களை அகற்றுகின்றது. இது கெட்டால் நிறமூர்த்தங்கள் இரு பாலும் சென்றபின்னும் தாய்க்கலமும் மகட்கலமும் பிரிவை முடித்து அடுத்த சுற்றுக்குச் செல்லமாட்டாமல் இணைந்தே நின்றுவிடும்.

இரட்டைக் காவலும் பின்னணியும்

விகாரம் எப்போதும் வெளிப்படையான கேட்டை விளைப்பதில்லை. இரண்டாம்வகைப் பொசுபேற்றேசுக்கு மதுவத்தில் ஏறத்தாழ ஒரேமாதிரியான இரு பரம்பரையலகுகள் உள. ஒன்றை நீக்கினாற் பெரும் மாற்றமில்லை, மற்றது ஈடுசெய்கின்றது. இரண்டையும் நீக்கினால் வளர்ச்சி மிகவும் குன்றுகின்றது. இவற்றோடு உறவுடைய மூன்றாவதையும் நீக்கினாற் கலம் இறக்கின்றது. சிற்-4 என்னும் பிறிதொரு பொசுபேற்றேசை நீக்கியபோது சில மதுவ வகைகள் இறந்தன. சில மெல்ல வளர்ந்தன. அவ்வகைகளுக்கிடையே வேறொரு பரம்பரையலகில் இருந்த வேற்றுமையே இதற்குக் காரணமாயிற்று. ஒரே விகாரம் ஒரு குடியிற் கொல்வதும் மறுகுடியிற் பொறுக்கப்படுவதும் மனித நோய்களிலும் காணப்படுவன. ஒரு பரம்பரையலகுக்கு ஒரு நோய் எனக் கணக்கிட்டு முடித்தல் பொருந்தாது என்பதை இது உணர்த்தும்.

உப்பும் உறுப்பு மாற்றமும்

கல்சினூரின் என்பது கல்சியத்தால் ஊக்கப்படும் பொசுபேற்றேசு. இது கெட்ட மதுவம் சாதாரண உணவில் நன்கு வளரும். சோடியம், இலிதியம் ஆகியவற்றின் உப்புக்கள் மிகுந்த உணவில் வளரமாட்டாது. உப்பு மிகுந்தபோது கல்சினூரின் ஒரு புரதத்தின் பொசுபேற்றை அகற்றி, அதனைக் கருவினுட் புகச்செய்யும்; அப்புரதம் சோடியத்தை வெளியேற்றும் பம்பியை ஆக்கத் தூண்டும். விகாரக் கலத்தில் இத்தூது சென்றடைவதில்லை. மற்றொரு குறையும் உண்டு. மதுவத்தில் இரு பால்வகைகள் உள. ஒன்று வெளியிடும் ஓமோன் மற்றதன் வளர்ச்சியை நிறுத்திக் கூடலுக்கு ஆயத்தமாக்கும். துணை கிடையாவிடிற் சாதாரண கலம் மீண்டும் வளரத்தொடங்கும். கல்சினூரின் இல்லாத கலமோ அங்ஙனம் மீள்வதில்லை.

இங்கேதான் மதுவ ஆராய்ச்சி மருத்துவத்தைத் தொட்டது. உறுப்பு மாற்றம் பெற்றோரின் உடல் புதிய உறுப்பை எதிர்க்காவண்ணம் தரப்படும் மருந்துகள் இரண்டு. நோர்வே மண்ணிற் கண்ட பங்கசிலிருந்து கிடைத்தது சைக்கிளோசுப்போரின். யப்பானின் சுக்குபா மண்ணிலிருந்த நுண்ணங்கி 1984இற் தந்தது தக்குரோலிமசு. இவை எதனைத் தாக்கித் தொழில் புரிகின்றன என்பது முன்னர் விளங்கவில்லை. 1991இல் இவ்விரண்டும் கலத்திலுள்ள வெவ்வேறு புரதங்களோடு சேர்ந்தபின் கல்சினூரினையே அடக்குகின்றன எனச் சோதனைக்குழாயில் அறியப்பட்டது. இம்மருந்துகளைப் பெற்ற சாதாரண மதுவம், கல்சினூரின் இழந்த விகார மதுவத்தைப்போலவே ஓமோனின் தடையிலிருந்து மீளாது நின்றது. மருந்தின் விளைவும் விகாரத்தின் விளைவும் ஒத்தமையால், உயிர்க்கலத்தினுள்ளும் மருந்தின் இலக்கு அதுவே எனத் துணியப்பட்டது. மனிதரின் வெண்குருதிக்கலத்திற் கல்சினூரின் பொசுபேற்றை அகற்றினாலன்றி எதிர்ப்பைத் தூண்டும் பரம்பரையலகுகள் விழிப்பதில்லை. மருந்து அவ்விழிப்பைத் தடுக்கின்றது.

இச்செய்தி மாத்தளை மாவட்டத்தார்க்கு அயலானதன்று. நீரிழிவு, உயர் குருதியமுக்கம் முதலிய வழக்கமான காரணங்களின்றிச் சிறுநீரகம் மெல்லக் கெடும் நோய் 1990கள் தொட்டு வடமத்திய மாகாணத்தில் அறியப்பட்டது. மாத்தளை மாவட்டத்து வில்கமுவப் பகுதியும் அந்நோய் மிகுந்த இடங்களுள் ஒன்று. நோய் முற்றியவர்க்கு உள்ள வழிகள் குருதி சுத்திகரிப்பும் சிறுநீரக மாற்றமுமே. மாற்றம் பெற்றவர் புதிய சிறுநீரகத்தைக் காக்க நாள்தோறும் உட்கொள்ளும் மருந்துகளுள் மேற்கூறியவை முதன்மையானவை. ஆனால் அவை நெடுங்காலத்திற் குருதியமுக்கத்தை உயர்த்துவதும், காக்கவந்த சிறுநீரகத்தையே தாக்குவதும் உண்டு. கல்சினூரின் ஒரு தொழில் மட்டுமன்றிப் பல தொழில்கள் புரிவதே இதற்கு அடிப்படை. உப்பையும் ஓமோனையும் பற்றிய இருவேறு குறைகள் ஒரே விகாரத்தில் தோன்றிய மதுவம் இப்பாடத்தை முன்னரே உணர்த்திற்று. ஆகவேதான் நொதியத்தை முற்றாக அடக்காது, ஒரு துணைப்புரதத்தோடு அது சேர்வதை மட்டும் தடுக்கும் மருந்துகளை அறிஞர் நாடுகின்றனர். ஜீ.எல்.சீ.7இன் 73ஆம் அமினோவமிலம் மாறிய அப்பழைய விகாரம், வளர்ச்சியைக் கெடுக்காது சேமிப்பை மட்டும் நிறுத்தியமை அத்தகைய மருந்து இயலக்கூடியதே என்பதற்கு இயற்கை தந்த சான்று.

மதுவத்திற் கண்ட அனைத்தும் மனிதருக்கு அப்படியே பொருந்தும் எனக் கொள்ளுதல் தவறு. மனிதரின் கலத்தில் துணைப்புரதங்கள் பன்மடங்கு மிகுதி. ஒரு கலத்தின் செயல் அயற்கலங்களாலும் மாறும். மதுவம் தருவது விடையன்று. எங்கே தேடவேண்டும் என்னும் குறிப்பு. அக்குறிப்பின் பெறுமதியை மேற்கூறிய வரலாறு காட்டும்.

இந்நாட்டு மாணவர் இத்துறையில் நுழையப் பெருஞ்செல்வம் வேண்டியதில்லை. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்திற் பனங்கள்ளின் மதுவங்கள் ஆராயப்பட்டுள்ளன. கித்துள் கள்ளிலும் கொக்கோக் குவியலிலும் வாழும் மதுவங்கள் மாத்தளையிற் கைக்கெட்டும் தூரத்தில் உள்ளன. அவற்றைப் பிரித்து வளர்த்து, எது உப்பைப் பொறுக்கும், எது கிளைக்கோசனைச் சேமிக்கும், எது குளுக்கோசு தீர்ந்தபின் விரைந்து மீளும் என ஒப்பிட்டறிதல், அயடீனும் உப்பும் நுணுக்குக்காட்டியும் உள்ள கல்லூரி ஆய்வுகூடத்தில், ஆசிரியரின் மேற்பார்வையில், இயல்வதே. வேற்றுமையைக் கண்டால் அதன் காரணத்தை வினவவேண்டும். பொசுபேற்றேசுகள் பற்றிய அறிவில் ஒரு பங்கு, வழக்கத்திலிருந்து விலகிய ஒரு மதுவக் கூட்டத்தை எறிந்துவிடாது, அது ஏன் அவ்வாறாயிற்று எனக் கேட்டவர்களாற் பிறந்ததாகும்.